கூடப் போனவர்கள்

என் பேத்திக்குப் பதின்மூன்று வயது. சென்ற வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "பாட்டி, இந்தப் பாட்டைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

பார்த்தேன். பாட்டு முழுக்க ஒரே ஆளின் புகழ். 'டாக்டர்' என்று பெயர். மருந்து கொடுக்கிற டாக்டர் அல்ல. நீல நிறப் போலீஸ் டெலிபோன் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு, நேற்றைக்கும் நாளைக்கும், நட்சத்திரம் விட்டு நட்சத்திரத்துக்கும் பிரயாணம் செய்கிறவர். 1963-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி பி.பி.ஸி. டெலிவிஷனில் ஆரம்பித்த 'டாக்டர் ஹூ' தொடரின் கதாநாயகர்.

"பாட்டு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் கூடப் போனவர்களைக் காணோமே?" என்றேன்.

"அவர்களெல்லாம் வந்து வந்து போகிறவர்கள்தானே, பாட்டி!"

எனக்குச் சுருக்கென்றது. அவளை உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அந்த டாக்டருக்குச் சுலபத்தில் சாவு இல்லை. உடம்பு தளர்ந்தால் வேறு உடம்பும் வேறு முகமும் எடுத்துக்கொள்வார். 1966-இல் வில்லியம் ஹார்ட்னெல் என்ற நடிகர் விலகி, பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தது இந்த உபாயத்தால்தான். பிற்காலத்தில் டாக்டர் பெண்ணாகக்கூட வந்துவிட்டார்! ஆனால் கூடப் போகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற மனிதர்கள். அவர்களுக்குத்தான் வயதாகும்; அவர்களுக்குத்தான் வீட்டு ஞாபகம் வரும்.

முதன் முதலில் போனவர்கள் யார்? சரித்திர டீச்சர் பார்பரா, விஞ்ஞான வாத்தியார் இயான். சூஸன் என்ற மாணவியின் விலாசம் ஏதோ பழைய சாமான் கிடங்காக இருக்கிறதே என்று கவலைப்பட்டுப் பின்னாலேயே போனார்கள், அகப்பட்டுக்கொண்டார்கள்! சூஸன் டாக்டரின் பேத்தி. இந்தக் கதையைத் திரையில் கொண்டுவந்த தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் ஒரு பெண்தான். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. முதல் கதையை டைரக்ட் செய்த வாரிஸ் ஹுசேன் நம் லக்னோவில் பிறந்தவர்.

1964-இல் வந்த ஒரு கதையில் எல்லாரும் மெக்ஸிகோவின் பழைய அஸ்டெக் ராஜ்யத்தில் இறங்குகிறார்கள். அங்கே பார்பராவைத் தெய்வம் என்று எண்ணிவிடுகிறார்கள். தெய்வமானவள் என்ன செய்தாள்? நரபலியை நிறுத்தப் பார்த்தாள். "சரித்திரத்தை மாற்றாதே" என்று டாக்டர் தடுத்தார். அவள் கேட்கவில்லை. பலி நின்றபாடில்லை; ஆனால் ஒரே ஒரு மனிதரின் மனம் திரும்பியது.

நாற்பத்துநான்கு வருஷம் கழித்து, 2008-இல், பாம்பேய் நகரத்தில் எரிமலை வெடிக்கிறது. இந்தத் தடவை கூட இருந்தவள் டோனா. லண்டனில் ஆபீஸ் ஆபீஸாகத் தற்காலிக வேலை பார்த்தவள். "ஊரைக் காப்பாற்ற முடியாவிட்டால் யாரோ ஒருவரையாவது காப்பாற்றுங்கள்" என்று அழுதாள். அவர் திரும்பி வந்து காப்பாற்றினார். டாக்டருக்கு மூளை அதிகம். இரக்கத்தை ஞாபகப்படுத்தத்தான் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது.

"அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள், பாட்டி?"

அதைத்தான் கேட்க வேண்டும். சூஸனுக்கு ஒரு நல்ல பையன்மேல் பிரியம். ஆனால் வயதான தாத்தாவை விட்டுப் போக மனம் வரவில்லை. 1964 டிஸம்பரில் தாத்தா பெட்டிக்குள் போய்க் கதவைத் தாளிட்டுக்கொண்டார். ஒரு நாள் திரும்பி வருவேன் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில், வண்டி கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸாரா ஜேன் என்ற பத்திரிகைக்காரி இருந்தாள். 1976-இல், "உன் ஊர் வந்துவிட்டது" என்று அவளை இறக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தால் வேறு ஊர்! 2006-இல் மறுபடி சந்தித்தபோது, இத்தனை நாள் காத்திருந்தேனே என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாள்.

டோனா கதைதான் எனக்குத் தாளவில்லை. உலகங்களையே காப்பாற்றியவள். ஆனால் டாக்டரின் அறிவு அவள் தலைக்குள் புகுந்துவிட்டது. மனித மூளை அதைத் தாங்காது. உயிரைக் காப்பதற்காக, அவள் மன்றாடியும் கேட்காமல், தம்மைப் பற்றிய நினைவு முழுவதையும் அவர் அழித்துவிட்டார். 2023-இல் நினைவு திரும்பி அவள் பிழைத்தது வேறு கதை. அன்றைக்கு அவளைத் தாயாரிடம் ஒப்படைத்தபோது, ஒரு கணம் இந்த அண்டத்திலேயே முக்கியமானவள் உங்கள் பெண்தான் என்றார். எப்போதும் அவளைக் குறை சொல்கிற அந்தத் தாய், எனக்கு இப்போதும் அப்படித்தான் என்றாள். அப்படியானால் அதை அவளிடமே எப்போதாவது சொல்லுங்களேன் என்றார் டாக்டர்.

2022-இல் பழைய துணைவர்கள் சிலர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்லிக்கொள்கிற காட்சி வந்தது. அதில் இயானும் இருந்தார். நடித்த வில்லியம் ரஸ்ஸலுக்கு அப்போது வயது தொண்ணூற்றேழு!

பேத்தி ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். மறுநாள் புதுப் பாட்டு வந்தது:

பெட்டி ஏறிப் போனவர்கள்
பேரைச் சொல்லிப் பாடுவோம்;
தட்டிக் கேட்ட பார்பராவைத்
தலைமேல் தூக்கி ஆடுவோம்!
கதவு சாத்த வெளியில் நின்ற
கண்மணி சூஸன் வாழ்கவே!
உதவி செய்தும் நினைவிழந்த
உத்தமி டோனா வாழ்கவே!

இலக்கணப் பண்டிதர்கள் மன்னிக்கட்டும்; எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலை என் மருமகள் ஆபீஸிலிருந்து வந்தாள். பதினைந்து வருஷமாக இந்த வீட்டு வண்டியில் கூட வருகிறவள். நானே காப்பி கலந்து கையில் கொடுத்து, "நீ இல்லாவிட்டால் இந்த வீடு ஓடாதடி, அம்மா" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்ன அத்தை, ஜுரமா?" என்றாள்.