மலக்குடல் ஆபரேஷன்: வயிற்றில் பை எதற்கு?

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றதும், ‘பை வைக்காம முடியாதா டாக்டர்?’ என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

கட்டியை எடுத்தபின் குடலின் இரு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். ஆசனவாய்க்கு அருகே போடும் இந்தத் தையல், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கசிகிறது. புகைப்பவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். கசிந்தால் சீழ் பிடிப்பதோடு போகாது. அடுத்து வரவேண்டிய கீமோதெரபி தள்ளிப்போகும். அதே இடத்தில் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பும் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தையல் ஆறும்வரை மலத்தைச் சிறுகுடலிலிருந்தே வெளியே திருப்பிவிடத்தான் இந்தத் தற்காலிகப் பை. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள்.

மதுரையிலோ சென்னையிலோ ஆபரேஷன் முடிந்து ராமேஸ்வரம், தங்கச்சிமடம் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். கசிவு வீட்டுக்கு வந்த பிறகும் தெரியலாம். காய்ச்சல், வயிறு உப்பல், கூடிக்கொண்டே போகும் வலி, படபடப்பு இருந்தால் ‘விடியட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம். மதுரை 170 கி.மீ. தூரம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், இந்தக் கடற்கரை வெயில்! சிறுகுடல் பையில் நீரோடு உப்பும் வெளியேறும். கடலுக்கோ உப்பளத்துக்கோ போகிறவருக்கு வியர்வையும் சேர்ந்துகொள்ளும். வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். இந்தப் பை வைத்தவர்கள் மறுபடி அட்மிட் ஆவதற்கு நீரிழப்பு முக்கியமான காரணம். சிறுநீர் குறைந்து தலை சுற்றினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

பையை எடுத்ததும் செக்கப்பையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குறைந்தது ஐந்து வருடம் போகவேண்டும்.