"கவனமா எழுது" என்பது பாதுகாப்பு இல்லை

"முதல்ல சி படிங்க தம்பி. றஸ்ட் எல்லாம் கஷ்டம். கவனமா எழுதினா சி-யிலயே பிழை வராது."

எங்கட பிள்ளைகள் யாராவது றஸ்ட் தொடங்கப் போறோம் என்றால் மூத்தவர்கள் சொல்வது இதுதான். இதை நாங்கள் ஏற்கவில்லை.

குறிஞ்சாக்கேணியில் இருந்துகொண்டு "கவனம்" என்ற சொல்லை நாங்கள் இலேசாக எடுக்க முடியாது. 2021 நவம்பர் 23 காலை, பாலம் இல்லாத இடத்தில் ஆட்களை ஏற்றிப்போன படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் இழந்தோம். அதில் ஏறிய பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று யாராவது சொல்வாங்களா? பாதுகாப்பு, ஏறுகிறவரின் கவனத்தை நம்பி இருக்கக் கூடாது. ஏற்றுகிற அமைப்பிலேயே இருக்க வேண்டும்.

மென்பொருளும் அப்படித்தான். மைக்ரோசொப்ட் 2019-இல் சொன்ன கணக்குப்படி, அதன் மென்பொருள்களில் வருடாவருடம் பதிவாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 வீதம் நினைவகப் பிழைகள். அங்கே வேலை செய்யிறவங்க எல்லாம் கவனமில்லாதவங்களா?

விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொட்டால் சி கம்பைலர் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். றஸ்டில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு உரிமையாளர். உரிமையைக் கைமாற்றினால் பழைய பெயரால் அதைத் தொட முடியாது. இரவல் கொடுக்கலாம்: வாசிக்க மட்டும் என்றால் பலருக்கு, மாற்றுவதற்கு என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கு. மீறினால் கம்பைல் ஆகாது. கரையிலேயே மறித்துவிடும்.

முதல் கிழமை கோபம் வரும், மறைக்கவில்லை. ஆனால் கம்பைலர் திட்டுவதை வாசித்துப் பாருங்கள். எந்த வரி, ஏன் பிழை, பல நேரம் எப்படித் திருத்துவது என்றும் சொல்லும். அதைவிடப் பொறுமையான வாத்தியார் எங்களுக்குக் கிடைக்கவில்லை. றஸ்ட் எல்லாப் பிழையையும் பிடிக்காது. உங்கள் கணக்கு பிழைத்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. "அன்சேஃப்" என்று எழுதிய பகுதியில் நினைவகப் பொறுப்பும் உங்களுடையதே.

தொடங்க காசு வேண்டாம். ரஸ்டப்பை நிறுவுங்கள். "கார்கோ நியூ" என்று ஒரு பெயர் கொடுங்கள், உள்ளே போய் "கார்கோ ரன்" அடியுங்கள். "ரஸ்டப் டொக்" அடித்தால் முழுப் பாடநூலும் கணினியிலேயே திறக்கும். டேட்டா முடிந்தாலும் படிக்கலாம்.

சி-யையும் படிப்போம். ஆனால் நீந்தத் தெரிந்தவன் மட்டும் ஏறு என்று சொல்லும் படகில் எங்கட தம்பி தங்கச்சியை முதலில் ஏற்ற மாட்டோம்.