கூடத்தில் உறங்குபவர்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வசிப்பறை' என்பதற்கு ஒரு வரையறை உண்டு. சுவரும் வாயிலும் கூரையும் இருக்க வேண்டும். ஒருவர் படுத்து உறங்கும் அளவுக்கு நீள அகலம் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அறையை அளப்பதற்கு அரசு தேர்ந்துகொண்ட அளவுகோல் படுத்திருக்கும் மனித உடல் என்பது கவனிக்கத்தக்கது. வீட்டுக்கணக்கு எடுக்க வருபவர், எத்தனை அறைகள் என்று கேட்பதோடு எத்தனை மணமான இணையர் வசிக்கின்றனர் என்றும் கேட்கிறார். இவ்விரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அந்தப் படிவம் சொல்லாமல் சொல்லும் செய்தி விளங்கும்.

அறைகலன் விளம்பரங்களின் அளவுகோல் வேறு. அங்கே கூடம் என்பது விருந்தினர் வந்து அமரும் இடம். இடத்தை மிச்சப்படுத்தும் அறைகலன் என்ற பெயரில் விற்கப்படுபவை யாவும் இந்த அமர்வை மையமாக வைத்தே வடிவமைக்கப்படுகின்றன: சுவருக்குள் மறையும் கட்டில், இழுத்தால் படுக்கையாகும் சோபா, தூக்கினால் உணவு மேசையாகும் தேநீர் மேசை. காணொளியில் ஒரு கை வருகிறது, ஒரு நொடியில் எல்லாம் மாறுகிறது. அந்தக் கட்டிலில் எவரும் உறங்கிக் காட்டப்படுவதில்லை. இந்திய நகரங்களின் சிறிய வீடுகளிலோ, கூடம் முதலில் ஒருவர் உறங்கும் அறை. விருந்தினர் வருவது அதற்குப் பிறகுதான். எனவே அதற்கான அறைகலனை இரவிலிருந்து தொடங்கித் தேர்வு செய்ய வேண்டும். பகலிலிருந்து தொடங்குவதே இன்றைய பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

மும்பையை எடுத்துக்கொள்ளலாம். பம்பாய் வளர்ச்சித் துறை 1920களில் கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய பகுதிகளில் 207 கட்டடங்களாக நின்றன. ஓர் அறை ஏறத்தாழ 160 சதுர அடி. கழிப்பறை பொது. அத்தகைய அறைக்குள் ஒரு முழுக் குடும்பம் வாழ்ந்தது எப்படி என்று கேட்டால், மடக்கும் பொறி எதுவும் அங்கே இல்லை என்பதே முதல் விடை. உயரமான இரும்புக் கட்டில், அதன் அடியில் தகரப் பெட்டிகள், சுவரோரம் எஃகு பீரோ, தலைக்கு மேல் மராத்தியர் 'போட்மாளா' என்று அழைக்கும் பரண். சுருட்டி வைக்கப்பட்ட படுக்கைகள் பகலில் கட்டிலின் மேல் ஏறும். இரவில் தரைக்கு இறங்கும். இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. வீடு அறையோடு முடிந்துவிடவில்லை. நடை, மாடிப்படி, முற்றம் ஆகியவை ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும் இரண்டாவது கூடமாக இருந்தன. பலர் அங்கேயே உறங்கினர். பெண்களுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாசு சாட்டர்ஜி இயக்கிய 'பியா கா கர்' (1972) என்ற இந்திப் படம், நெரிசலான சால் ஒன்றில் புதுமண இணையருக்குத் தனிமை கிடைக்காததை நகைச்சுவையாகச் சொன்னது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது அறையின் கணக்குதான்.

இப்போது அந்தச் சால்கள் இடிக்கப்பட்டு, குடியிருந்தோருக்கு 500 சதுர அடி வீடுகள் தரப்படுகின்றன. குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின் வீடு 225 சதுர அடியில் தொடங்கி, 269 ஆகி, இன்று 300 சதுர அடியில் நிற்கிறது. பரப்பு கூடியிருக்கிறது, கழிப்பறை உள்ளே வந்திருக்கிறது, இவை சிறிய மாற்றங்கள் அல்ல. ஆனால் அடுக்குமாடிக் கோபுரத்தின் நடையில் எவரும் பாய் விரிக்க முடியாது. மின்தூக்கிக்கு எதிரே அமர்ந்து பாடம் படிக்க முடியாது. முன்பு வெளியே நடந்த உறக்கம், படிப்பு, அரட்டை, துணி உலர்த்தல் எல்லாம் கூடத்துக்குள் வந்துவிட்டன. புதிய வீட்டுக்குப் புதிய சோபா வாங்கும் குடும்பம் இந்த இடப்பெயர்ச்சியைக் கணக்கில் கொள்வதில்லை.

கணக்கு எளியது. 10 அடிக்கு 12 அடி கொண்ட கூடத்தின் பரப்பு 120 சதுர அடி. மூவர் அமரும் சோபா 7 அடிக்கு 3 அடி, அதாவது 21 சதுர அடி. தேநீர் மேசைக்கு 8. தொலைக்காட்சி வைக்கும் அலமாரிக்கு ஏழரை. வாசலிலிருந்து சமையலறை வரை 3 அடி அகலத்தில் நடக்க வழி விட்டால் அதற்கு 36. மீதம் ஏறத்தாழ 47 சதுர அடி. காகிதத்தில் இது தாராளமாகவே தெரிகிறது. சோபாவை இழுத்துப் படுக்கையாக்கும்போது அது சுவரிலிருந்து 6 அடி முன்னே வருகிறது. 10 அடி அகலத்தில் எதிர்ச்சுவர் அலமாரியின் ஒன்றரை அடியையும் கழித்தால் எஞ்சுவது இரண்டரை அடி. தேநீர் மேசை எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லை. பெரும்பாலும் அது சமையலறை வாயிலில் போய் நிற்கும். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் முதியவர் அதில் முழங்காலை இடித்துக்கொள்வார். வாங்கும் முன் தரையில் சுண்ணக்கட்டியால் திறந்த நிலையின் கோட்டை வரைந்து, ஓரிரவு அந்தக் கோட்டைச் சுற்றி நடந்து பார்ப்பது எந்தக் கடைக்காரரின் ஆலோசனையையும் விட மேலானது. (ஒன்றை இடையில் குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுக்கும் 'கார்ப்பெட் ஏரியா'வில் வீட்டின் உட்சுவர்கள் பிடிக்கும் பரப்பும் அடக்கம். பத்திரத்தில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு அறைகலன் வாங்கச் செல்பவர் சுவரின் மீது சோபாவை வைக்கத் திட்டமிடுகிறார்.)

பரப்பின் கணக்கு இவ்வளவே. நேரத்தின் கணக்குதான் பேசப்படாதது.

மடக்கும் அறைகலன் இடத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. ஒரே இடத்தை இரு வேளைகளுக்குப் பங்கிடுகிறது. அந்தப் பங்கீட்டை நாள்தோறும் இரு முறை யாரோ ஒருவர் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. மெத்தை விரிப்பை உருவி, தலையணைகளை எடுத்து, மேசையை நகர்த்தி, இரும்புச் சட்டத்தை உள்ளே தள்ளி, திண்டுகளை அடுக்க வேண்டும். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். கட்டிலை மடக்கும் வேலை இவற்றுள் எந்தப் பங்கில் போய்ச் சேரும் என்று ஊகிப்பது கடினமன்று.

உழைப்பைவிடக் கூர்மையான சிக்கல் உறக்கம். கூடத்தில் படுப்பவர் பெரும்பாலும் வீட்டின் பாட்டி, அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, அல்லது ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்கியிருக்கும் உறவினர். பாட்டிக்கு ஒன்பது மணிக்கே கண் சொக்குகிறது. ஆனால் அவர் படுக்கப்போகும் கட்டிலின் மீது அந்த நேரத்தில் நால்வர் அமர்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் எழுந்த பிறகே சோபா கட்டிலாக முடியும். காலையில் பால்காரர் மணியடிக்கும்போது அது மீண்டும் சோபாவாகிவிட வேண்டும். கடைசியில் படுத்து முதலில் எழுவது அந்த அறைகலன் விதிக்கும் ஒழுங்கு. வீட்டிலுள்ளோர் அன்பானவர்களா இல்லையா என்பது இங்கே பொருட்டன்று. அன்பான வீட்டிலும் பாட்டி, "பரவாயில்லை, பார்த்து முடியுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்கிறார்.

சுவரில் மறையும் கட்டிலின் வரலாறு இங்கே பொருத்தமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஓரறை வாடகை வீட்டில் வசித்த வில்லியம் மர்ஃபி என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அந்தப் பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1989இல் அமெரிக்க நீதிமன்றமே சொல்லும் அளவுக்கு அது பரவியது. அந்த வடிவமைப்பு தனியாள் ஒருவருடைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது. கட்டிலில் உறங்குபவரும் அதைத் தூக்கி நிறுத்துபவரும் கூடத்தில் அமர்பவரும் ஒருவரே. எப்போது படுப்பது என்பதை அவர் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐவர் வாழும் வீட்டுக்கு அதே பொருளைக் கொண்டுவரும்போது, அந்த மூன்று வேலைகளும் மூவரிடையே பிரிகின்றன. பொறி பழையபடியே இயங்குகிறது. வீடு அதற்கு இசைவதில்லை. சில மாதங்களில் நடப்பது பலரும் கண்டதே. கட்டில் கீழிறங்கினால் மேலேறுவதில்லை. அல்லது சோபா திறக்கப்படாமலே கிடக்க, பாட்டி தரையில் பாய் விரிக்கிறார். இரண்டு நிலைகளிலும், பொறிக்குக் கொடுத்த விலை வீண்.

இதற்கு மாற்றாக முன்வைக்கத்தக்கது புதிய பொருள் எதுவுமன்று. வட இந்திய வீடுகளில் நெடுங்காலமாக இருந்து, கடந்த சில பத்தாண்டுகளில் நாகரிகமற்றதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்ட திவான்தான் அது. ஆறே கால் அடி நீளம், மூன்றடி அகலம், முதுகுச் சாய்வு கிடையாது. சுவரோரம் போட்டு, உருளைத் தலையணைகளை வைத்தால் மூவர் அமரலாம்; அவற்றை எடுத்தால் ஒருவர் படுக்கலாம். இரண்டு நிலைகளுக்கும் இடையே நகரும் உறுப்பு ஏதுமில்லை. இரவில் அது ஓர் அங்குலம்கூட முன்னே வருவதில்லை. எல்லாவற்றையும்விட, மற்றவர் விழித்திருக்கும்போதே பாட்டி அதில் கால் நீட்டலாம். மூடியைத் தூக்கிப் பொருள் எடுக்கும் வகையைத் தவிர்த்து, முன்புறம் இழுக்கும் அறைகளோடு செய்துகொள்வது நல்லது. மேலே ஒருவர் உறங்கும்போது மூடியைத் தூக்க முடியாது. காலையில் பள்ளிச் சீருடை அதற்குள்தான் இருக்கும். மேலும் ஒருவர் உறங்க வேண்டுமாயின் அந்த அறைகளை விட்டுவிட்டு, அடியில் சக்கரம் வைத்த தாழ்வான இழுப்புக் கட்டிலைச் செருகி வைக்கலாம். அது இழுத்தால் வரும் பொருள்தான். ஆயினும் அதை இழுக்க எவரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

திவானுக்கு எதிரான வலுவான வாதம் வசதி சார்ந்ததன்று, மதிப்பு சார்ந்தது. கூடத்தில் திவான் கிடந்தால், "இங்கே யாரோ படுக்கிறார்கள்" என்பது வருபவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெண் பார்க்க வருவோர், மகனின் அலுவலக நண்பர்கள் முன்னிலையில் வீடு தன் நெரிசலை ஒப்புக்கொள்ள நேர்கிறது. படுக்கையாகும் சோபாவின் மெய்யான பணி இங்கேதான் வெளிப்படுகிறது. அது மிச்சப்படுத்தும் இடம் சொற்பம். அது மறைப்பது ஓர் ஆளை. பகல் முழுவதும் பாட்டியின் படுக்கை என்ற ஒன்று அந்த வீட்டில் இல்லை என்று காட்டுவதற்காகவே குடும்பம் கூடுதல் விலை கொடுக்கிறது. இந்த விருப்பத்தை எள்ளி நகையாடுவது எளிது; சாலிலிருந்து கோபுரத்துக்கு ஏறிய குடும்பத்துக்கு அந்த மறைப்பு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை உணர்ந்தவர் அவ்வளவு எளிதில் நகைக்கமாட்டார். ஆயினும் அந்த மதிப்பின் விலையைச் செலுத்துபவர் ஒருவரே என்பது மாறவில்லை.

'பழையபடி தரையிலேயே வாழலாமே' என்ற பரிந்துரையும் அவ்வப்போது எழுகிறது. பெரும்பாலும் தரையில் உறங்க வேண்டிய தேவை இல்லாதவர்களே அதைச் சொல்கின்றனர். மூட்டுவலி உள்ளவருக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் தரைக்கும் அது விடையன்று.

படிக்கும் பிள்ளையின் மேசைக்கும் இதே அளவுகோல்தான். சுவரில் கீலிட்டு மடக்கும் பலகை நல்ல ஏற்பாடு. ஆனால் மடக்கும்போது அதன் மேலுள்ள நூல்களும் மடிக்கணினியும் எங்கே போகும் என்பதற்கு மேலேயே ஒரு தட்டு அமைத்தால்தான் அது மடங்கும். இல்லையேல் நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். பல புதிய கட்டடங்களின் உட்சுவர்கள் இலேசான கற்களால் ஆனவை. அதற்குரிய பிடிப்பாணி இன்றி எடையைத் தாங்கா. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போருக்குச் சுவரில் துளையிட அனுமதி கிடைப்பதும் அரிது. அவர்களுக்குத் தன் காலில் நிற்கும், இருபுறமும் இறக்கை மடங்கும் மேசையே ஏற்றது. மரத்தூள் அட்டையில் செய்த மலிவான மடிப்புச் சாமான்களை மும்பை மழை இரண்டே பருவங்களில் உப்பவைத்துவிடும். திருகாணி பிடித்திருக்கும் இடம்தான் முதலில் நொறுங்கும். ஓரிரு முறை வீடு மாறினால் சொல்லவே வேண்டாம்.

வீட்டுவசதி பற்றிய ஆய்வேடுகள் தலைக்கு எத்தனை சதுர அடி என்பதை நுணுகிக் கணக்கிடுகின்றன. ஒரு கூடம் எத்தனை மணிக்கு யாருடையது என்பதைக் கணக்கிடும் பழக்கம் இன்னும் பரவவில்லை. களஆய்வுக்குச் செல்லும் மாணவர் இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டுக்குள் இருக்க வாய்ப்பில்லை என்பதும் ஒரு காரணமாகலாம். பகலில் செல்பவர் காண்பது சோபாவை மட்டுமே.

அறைகலன் கடைகளில் விடுமுறை நாள் மாலையில் நடப்பதும் இதற்கு நெருக்கமானதே. குடும்பம் வருகிறது, ஒவ்வொருவராக அமர்ந்து பார்க்கின்றனர், துணியின் நிறம் பற்றி விவாதம் எழுகிறது. விற்பனையாளர் சோபாவை இழுத்துப் படுக்கையாக்கிக் காட்டுகிறார். இரண்டே அசைவுகள். எல்லாரும் தலையசைக்கின்றனர். அதில் படுத்துப் பார்க்கலாமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பாட்டியோ, படியிறங்க முடியாது என்று வீட்டிலேயே இருக்கிறார்.