பாவு அறுகிற இடம்
சென்னிமலையில் போர்வை நெய்கிறவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். 1804இல் பிரான்சில் உருவான ஜக்கார்டு பெட்டியில் ஏறும் துளையட்டை, கணினிக்கே முன்னோடி. ஓர் ஓட்டை பிசகினால் பூ எங்கே கோணும் என்பது பழுத்த நெசவாளிக்குக் கண்பழக்கம். அவர் தடுமாறுவது இணையப் பயிற்சியின் வாசலில்: மின்னஞ்சல், கடவுச்சொல், கேப்சா, ஓடிபி. "ஏங்கண்ணு, நம்பர் வந்துச்சு, பாக்கறதுக்குள்ள போயிருச்சே!" பாடம் தொடங்குமுன்பே பாவு நூல் அறுந்துவிடுகிறது.

2017இல் வந்த பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 20 மணி நேரப் பாடம் வைத்தது. கருவிகளின் அறிமுகம்தான் முதல் படி. ஒழுங்கான வரிசைதான், பள்ளிக்கூடத்துக்கு. நெசவாளிக்கு முதலில் வேண்டியது, போர்வையை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து விலையோடு அனுப்பத் தெரிவது. அங்கிருந்து தொடங்கலாமே? இரண்டு நிமிடப் பாடம், வாட்ஸ்அப்பில், கொங்குத் தமிழில். தறிச் சத்தத்தில் குரல் அமுங்கும், படமும் வேண்டும். நேரமும் பார்க்க வேண்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் சுமார் 72 விழுக்காட்டினர் பெண்கள். பல வீடுகளில் போன் மகன் கையில். பகல் பதினொரு மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் யார் வருவார்? பாடத்தை அவர்கள் ராத்திரி சோறாக்கி முடித்த பிறகு கேட்கட்டும். சந்தேகத்தை மட்டும், கூட்டுறவுச் சங்கத்துக்கு நூல் வாங்க வரும் நாளில், பக்கத்தில் உட்கார்ந்து தீர்த்துவைக்க ஓர் ஆளைப் போடுங்கள்.