தட்டைக் கோடு எதற்குச் சாட்சி?

நம் இதழுக்கு வரும் நானோஜெல் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே வரைபடம்தான். குளூட்டாதயோன் சேர்த்தால் மருந்து விறுவிறுவென்று வெளியேறுகிறது. சேர்க்காவிட்டால் கோடு தரையோடு கிடக்கிறது. அதைக் காட்டி, துகள் கசியவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நீரில் கரையாத மருந்து துகளைவிட்டு வெளியே வந்தாலும் டயாலிசிஸ் பைக்குள்ளேயே வீழ்படிவாகத் தங்கிவிடலாம். அப்போதும் கோடு தட்டைதான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த தாயுமானவன், ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் 2010இல் வெளியிட்ட நானோஜெல் ஆய்வுகளை இங்கே பலரும் மேற்கோள் காட்டுகிறோம். பாலிமரின் பக்கச் சங்கிலிகளில் பிரிடைல் டைசல்பைடு இருக்கும். டைதயோதிரீட்டாலைக் குறைவாக ஊற்றினால் சில தொகுதிகள் மட்டும் அறுபடும். அங்கே உருவாகும் தயால், பக்கத்துத் தொகுதியோடு வினைபுரிந்து குறுக்கிணைப்பாகும். கழன்றுவரும் பிரிடின்தயோனை 343 நானோமீட்டரில் அளந்தால் குறுக்கிணைப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். இதுவரை எல்லோரும் செய்கிறார்கள்.

அதே குழு கசிவுக்கு வைத்த சோதனையைத்தான் காணோம். ஒரு கரைசலின் துகள்களில் டிஐஓ சாயம், மற்றதில் டிஐஐ. இரண்டையும் கலந்துவிட்டு ஒளிர்வு நிறமாலையை நேரவாரியாகப் பதிவு செய்ய வேண்டும். சாயங்கள் இடம் மாறி ஒரே துகளுக்குள் சேர்ந்தால் எஃப்ரெட் (ஒரு சாயத்திலிருந்து மற்றதற்கு ஆற்றல் கடத்தல்) எழும்: டிஐஓவின் முகடு சரியும், டிஐஐயின் முகடு ஏறும். வேண்டியது ஒரு புளூரோமீட்டரும் இரண்டு சாயங்களும்தான். கருவி இல்லை என்று சொல்ல வழியில்லை.

கட்டுப்பாட்டுச் சோதனையில் குளூட்டாதயோனே இல்லாமல் விடுவதும் சரியல்ல. செல்லுக்குள் அது 2 முதல் 10 மில்லிமோலார் என்றால், ரத்த பிளாஸ்மாவில் சில மைக்ரோமோலார் இருக்கத்தான் செய்கிறது.

வெப்பத்தால் தூண்டப்படும் துகள்களில் சிக்கல் வேறு. பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரியில் சுருங்கிவிடும். 'அறை வெப்பநிலையில் நிலையானது' என்று எழுதுபவரின் அறையில் ஏ.சி. ஓடுகிறது. மதுரை அவனியாபுரத்தில் அந்த 32-ஐத் தாண்டக் கோடைகூட வேண்டாம், புரட்டாசி மதியமே போதும். துகள் நோயாளியிடம் போய்ச் சேருமுன் குப்பியிலேயே சுருங்கி விரிந்திருக்கும். அதற்குப் பின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று யாரும் அளந்து காட்டுவதில்லை.

அடுத்த இதழ் முதல், சாயக் கலப்புச் சோதனை, 10 மைக்ரோமோலார் குளூட்டாதயோனில் ஒரு கட்டுப்பாடு, வெப்பத் துகளானால் 40 டிகிரியில் சேமிப்புத் தரவு ஆகியவை இல்லாத கட்டுரைகள் மதிப்பீட்டுக்குப் போகாது. ஏற்கெனவே மதிப்பீட்டாளர் கையில் இருப்பவற்றுக்கு இது பொருந்தாது.