யாரென்று தெரியாத அணு

பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே 2017இல் திறக்கப்பட்ட குவாண்டம் தகவல் தடத்தின் நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். வழியில் 32 நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும், செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவி சாதாரண எண்ணாக மாறி, பிறகு அடுத்த நிலையத்துக்குக் கிளம்புகிறது. அந்த இடைவெளியில் சாவியைக் காப்பது இயற்பியல் விதி அல்ல. கட்டடத்தின் பூட்டும் காவலாளியும்தான்.

சிக்கல் ஒளியிழையில் இருக்கிறது. மிக நல்ல இழையிலும் 100 கிலோமீட்டர் போனால் நூறு ஃபோட்டான்களில் ஒன்றுதான் மிஞ்சும். 1,000 கிலோமீட்டர் என்றால், வினாடிக்கு ஆயிரம் கோடி ஃபோட்டான்களை அனுப்பினாலும் மறுமுனையில் ஒன்று வந்து சேர ஏறத்தாழ 300 ஆண்டு பிடிக்கும். சாதாரண இணையத்தில் வழிநெடுகப் பெருக்கிகளை வைத்துச் சமாளிக்கிறார்கள். இங்கே அது நடக்காது. முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் நிறுவிவிட்டார்கள்.

மிஞ்சும் வழி, தூரத்தைத் துண்டு போடுவது. ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் குவாண்டம் பின்னலால் (entanglement) இணைத்து, பக்கத்துத் துண்டு தயாராகும்வரை கலையாமல் பிடித்துவைத்து, பிறகு கோக்க வேண்டும். பிடித்துவைக்க ஒரு நினைவகம் தேவை. அணுக்கூட்டமே அந்த நினைவகமாகலாம் என்று துவான், லூக்கின், சிராக், ஸோல்லர் என்ற இயற்பியலாளர்கள் நால்வரும் 2001இல் வழி சொன்னார்கள்.

லேசரால் குளிர்வித்த ருபிடியம் அணுக்கள் வெற்றிடக் கலத்துக்குள் ஒரு சிறு மேகமாக நிற்கின்றன. எல்லாம் ஒரே ஆற்றல் நிலையில். மெல்லிய லேசர் துடிப்பு ஒன்று ஊடே போகிறது. பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எப்போதாவது ஓர் அணு நிலை மாறி ஒரு ஃபோட்டானை உதிர்க்கும். உணரி அதைப் பதிவுசெய்யும். உதிர்த்தது எந்த அணு? நமக்குத் தெரியவில்லை என்பதல்ல விஷயம், அந்த விவரம் இயற்கையிலேயே எங்கும் பதிவாகவில்லை. அதனால் அந்த ஒரே மாற்றத்தை மேகத்தின் எல்லா அணுக்களும் மேற்பொருந்திய நிலையாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டாவது துடிப்பு வந்ததும் எல்லாப் பங்குகளும் தாளம் தப்பாமல் கூடி, ஒரு ஃபோட்டானைக் குறித்த திசையில் வெளியே தள்ளும். தனி அணுவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. இடையில் ஓர் அணு காணாமல் போனாலும் கூட்டத்துக்குக் கேடில்லை. அணுக்களின் அலைச்சலும் வெளிக் காந்தப்புலமும் தாளத்தைக் கெடுப்பதுதான் பெரிய தலைவலி.

2005இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கிம்பிள் குழு 2.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு சீசியம் மேகங்களைப் பின்னியது. 2020இல் சீனாவின் ஹெஃபெய் நகரில் பான் ஜியான்வெய் குழு 50 கிலோமீட்டர் ஒளியிழை வழியே அதைச் செய்தது. அந்த 50 கிலோமீட்டரும் ஆய்வகத்தில் சுருட்டிவைத்த இழை என்பதைப் பல செய்திகள் சொல்லாமல் விட்டன. 2021இல் அதே நகரில் ஒளியை ஒரு மணி நேரம் படிகத்தில் சேமித்தார்கள். அதுவும் சாதாரண லேசர் ஒளிதான், ஒற்றை ஃபோட்டான் அல்ல.

இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தகவல்தொடர்புப் பிரிவு சென்னை ஐஐடி பொறுப்பில் இருக்கிறது. நகரங்களுக்கிடையே 2,000 கிலோமீட்டருக்குக் குவாண்டம் சாவி அனுப்பும் இலக்குதான் மேடைகளில் முழங்குகிறது. குவாண்டம் நினைவகங்களோடு கூடிய வலையமைப்பும் அதே இலக்குப் பட்டியலில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்வர 3.5 மில்லிவினாடி ஆகும். ஒரு முனையிலிருந்து அனுப்பிய ஃபோட்டான் மறுமுனை சேர்ந்த செய்தி திரும்பிவரும்வரை, முதல் மேகம் அவ்வளவு நேரம் தாளம் தப்பாமல் காத்திருக்க வேண்டும்.