இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவே ஒரு வேலி

அயர்லாந்தில் வாழும் தமிழ் நண்பர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பிரே–கிரேஸ்டோன்ஸ் கடலோரப் பாதையில், மண் சரிந்த இடத்துக்கு முன்னால் நிற்கும் தடுப்பருகே, ஒரு தகப்பன் தன் சின்ன மகளை வேலிக்கு மேலே தூக்கி, மறுபக்கம் போய் நின்றிருந்த மனைவியிடம் கொடுப்பதைப் பார்த்தோம். பாதை மூடப்பட்டிருப்பதாகச் சொல்லும் பலகை அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டோம். "ஊர் கண்ணுக்குத் தெரியுதுங்க, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றார், தமிழில். கடுமையாகவே திட்டினோம். அவர் வெட்கப்பட்டார், ஆனால் திரும்பவில்லை. அன்று அப்படித் தாண்டியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். திட்டித் தீராத விஷயம் என்பதால்தான் இந்த வேண்டுகோள்.

நாங்கள் டப்ளினில் வசிக்கும் ஒரு சிறிய நடைக்குழு. பெரும்பாலோரிடம் கார் இல்லை. இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த ஓட்டுநர் உரிமத்தை இங்கே கொடுத்து அயர்லாந்து உரிமமாக மாற்றிக்கொள்ள முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இருபது வருடம் சென்னையில் வண்டி ஓட்டியவரும் இங்கே கற்றுக்குட்டிதான். எழுத்துத் தேர்வு, பயிற்சி வகுப்பு, ஓட்டுநர் தேர்வுக்கான காத்திருப்பு, அதற்குமேல் புதிய ஓட்டுநர் என்று சொல்லிக் கேட்கும் காப்பீட்டுத் தொகை. இவை எல்லாம் முடிகிறவரை ரயிலும் பேருந்தும் போகிற இடம்தான் நமக்கு நாடு. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவரும் செவிலியருக்கும், மாணவருக்கும், பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் வந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அம்மா அப்பாவுக்கும் இதே நிலைதான். இங்கேயே பிறந்து வளர்ந்து, கார் வாங்க வசதியில்லாத அல்லது வேண்டாமென்று முடிவெடுத்த அயர்லாந்துக்காரர்களுக்கும் இதே நிலைதான்.

கார் இல்லாமல் போகக்கூடிய பாதைகளே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஹவுத்துக்கு டார்ட் ரயில் போகிறது, நிலையத்திலிருந்தே நடையைத் தொடங்கிவிடலாம். டப்ளின் மலைப் பாதை 43 கிலோமீட்டர். ஒரு முனை ஷாங்கில், அங்கே டார்ட். மறுமுனை டாலா, அங்கே லுவாஸ் டிராம். 2021-இல் திறந்த ராயல் கால்வாய்ப் பசுமைவழி மேனூத்திலிருந்து ஷானன் நதிக்கரையிலுள்ள குளூண்டாரா வரை 130 கிலோமீட்டர். மேனூத், கில்காக், என்ஃபீல்ட், மலிங்கர் என்று வழிநெடுக ரயில் நிலையங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதைவிடச் சுகமான நடை இந்த நாட்டில் இல்லை. பாரோ ஆற்றங்கரையில் நடந்தால் அத்தாய், கார்லோ, பேகனல்ஸ்டவுன் என ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு நிலையம் கிடைக்கும். 1980-இல் முதல் பகுதி திறக்கப்பட்ட விக்லோ வே, மார்லி பூங்காவில் நகரப் பேருந்து நிற்கும் இடத்திலேயே தொடங்குகிறது. இரண்டாம் நாள் எங்கே போய்ப் பேருந்து பிடிப்பது என்பது வேறு கதை.

ஆனால் இவற்றில் எதுவும் பிரே–கிரேஸ்டோன்ஸ் பாதைக்கு ஈடாகாது. சுமார் ஏழு கிலோமீட்டர், இரண்டு மணி நேர நடை. இரு முனையிலும் டார்ட் நிலையம். வலப்பக்கம் பிரே ஹெட் மலை, இடப்பக்கம் கீழே ரயில், அதற்கும் கீழே கடல். பெரிய ஏற்றமில்லை. எழுபது வயதுத் தாயையும் ஏழு வயது மகனையும் ஒன்றாக அழைத்துப்போகலாம். கையில் ஒரு லீப் அட்டை இருந்தால் போதும். கார் நிறுத்த இடம் தேடவேண்டாம், கிளம்பிய இடத்துக்கே திரும்பி நடக்கவும் வேண்டாம். 2000-இல் டார்ட் கிரேஸ்டோன்ஸ் வரை நீண்டதிலிருந்து தலைநகரத்து மக்களுக்கு இது கிட்டத்தட்ட வீட்டுக் கொல்லையாகவே இருந்தது.

2021-இன் தொடக்கத்தில் கிரேஸ்டோன்ஸ் பக்கம் மண் சரிந்தது. பாதை மூடப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. பிரே பக்கமிருந்து நுழைந்து ஒரு தூரம் வரை போகலாம், பிறகு வேலி. 2021-இல் பிறந்த குழந்தை இன்று பள்ளிக்குப் போகிறது. அந்தக் குழந்தை இந்தப் பாதையை ஒருமுறைகூட முழுதாக நடந்ததில்லை.

மாற்றுவழி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. பிரே ஹெட்டின் மேலேறி, 1950-இல் நட்ட கான்கிரீட் சிலுவையைக் கடந்து, மறுபக்கம் இறங்கி கிரேஸ்டோன்ஸ் சேரலாம். 200 மீட்டருக்கு மேல் ஏற்றம், மழை பெய்தால் வழுக்கல். எங்களில் சிலருக்கு அந்த வழி பிடித்தும் இருக்கிறது. ஆனால் தள்ளுவண்டியோடு வரும் தாயிடமும் ஊன்றுகோலோடு வரும் பெரியவரிடமும் போய் இதுதான் மாற்று என்று சொல்லிப் பாருங்கள். சமதளப் பாதையைப் பறித்துவிட்டு மலையைக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

இந்தப் பாதையின் வரலாறு தெரிந்தவர்களுக்குக் கோபம் இன்னும் கூடும். ரயில்பாதை போட வந்த தொழிலாளர்களுக்காக வெட்டப்பட்ட வழி இது. 19-ஆம் நூற்றாண்டில் நிலம் மீத் பிரபுவுடையது. அவர் வழியில் ஒரு காவல் வீடு கட்டி நடப்பவர்களிடம் ஒரு பென்னி வசூலித்தார். வெள்ளிக்கிழமை மட்டும் தனக்கென்று மூடிவைத்தார். அந்த வீட்டின் சிதைந்த சுவர் இன்னும் நிற்கிறது. நிலப்பிரபு காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் மூடியிருந்த பாதை, குடியரசில் ஏழு நாளும் மூடியிருக்கிறது.

கீழே ஓடும் ரயிலின் கதையைக் கேளுங்கள். இசம்பார்ட் கிங்டம் புருனெல் என்ற பெரும்பொறியாளர் கடலை ஒட்டிப் போட்ட தடம் அது, 1855-இல் திறந்தது. பாறை விழுந்தது, அலை அரித்தது. 1867-இல் மரப்பாலத்தில் ரயில் தடம்புரண்டு இருவர் இறந்தார்கள். 'புருனெலின் மடமை' என்று மக்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அதற்காக ரயிலை நிறுத்தினார்களா? தடத்தை உள்ளே தள்ளினார்கள். மறுபடி அரித்தது, மறுபடி தள்ளினார்கள். 1917-இல் மலையைக் குடைந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கமே போட்டார்கள், அதுவும் உலகப்போரின் நடுவே. நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தனை கனமான ரயிலுக்கு முடிந்தது, இன்று ஒன்றரை மீட்டர் அகல நடைபாதைக்கு முடியாதா?

சரியும் சரிவில் மக்களை நடக்கவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கிரேஸ்டோன்ஸ் பக்கத்து மண் இளகியது, கடல் அடியை அரிக்கிறது, மழை மேலிருந்து ஊறுகிறது. அந்த இடத்தில் பாதையை உள்நோக்கி நகர்த்தவேண்டும், அல்லது சரிவைக் கட்டி நிறுத்தவேண்டும். நிலம் தனியாருடையது என்றால் பேசி வாங்கவேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு எங்கும் நடக்க மக்களுக்கு உரிமை உண்டு. இங்கே அப்படி ஒன்று இல்லை, பெரும்பாலான பாதைகள் நில உரிமையாளரின் இசைவில் ஓடுகின்றன. இருப்பதை இழந்தால் பக்கத்து வயலில் இறங்கி நடந்துகொள்ள வழியில்லை. அதனால்தான் ஒரு பாதைக்காக இத்தனை சத்தம் போடுகிறோம்.

யாராவது விழுந்தால் வழக்கு வருமே என்ற பயமும் இனி பழங்கதை. விக்லோ வே பாதையின் மரப்பலகையில் தடுக்கி விழுந்த ஒருவருக்கு 2016-இல் கீழ்க்கோர்ட் 40,000 யூரோ இழப்பீடு கொடுத்தபோது நாடு முழுவதும் பாதைகளைப் பராமரிப்பவர்கள் ஆடிப்போனார்கள். 2017-இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023-இல் சட்டமே திருத்தப்பட்டு, ஆபத்தைத் தெரிந்து ஏற்று நுழைகிறவர்கள் விஷயத்தில் இடத்துக்குப் பொறுப்பானவரின் சுமை குறைந்தது. இன்னும் என்ன தடை?

நேரமும் இதுதான். டப்ளினின் மெரியன் பகுதியிலிருந்து விக்லோ வரை கடலோர ரயில்பாதையைக் கடலரிப்பிலிருந்து காக்க ரயில்வே ஒரு பெருந்திட்டம் வைத்திருக்கிறது. பிரே ஹெட் முதல் கிரேஸ்டோன்ஸ் வடகடற்கரை வரை அதில் ஒரு தனிப் பகுதி. இயந்திரங்களும் பொறியாளர்களும் இதே மலையடிக்கு வரப்போகிறார்கள். நடைபாதை அப்போது பேச்சில் இல்லையென்றால் இன்னொரு தலைமுறைக்கு இருக்காது. மூடியது திரும்பிவர எத்தனை காலம் ஆகும் என்பதற்கு டப்ளினிலேயே சாட்சி உண்டு: 1958 டிசம்பர் 31 அன்று ஹார்கோர்ட் தெரு ரயிலை ஒரு கையெழுத்தில் மூடினார்கள். அதே தடத்தில் லுவாஸ் ஓட 2004 ஆயிற்று.

வேறு மலைக்குப் பேருந்தில் போகலாமே என்பவர்களுக்காக, கிராமப் பேருந்துகளைப் பற்றியும் சுருக்கமாக. 2021-இல் அறிவித்த கிராமப் போக்குவரத்துத் திட்டத்தால் புதிய தடங்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கால அட்டவணைகள் கிராமத்துக்காரர் காலையில் ஊருக்கு வந்து மாலையில் திரும்புவதை நினைத்துப் போட்டவை. நகரத்துக்காரர் காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்புவது எதிர்த்திசை. அதுவும் ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். இறங்கும் நிறுத்தத்திலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை நடைபாதை இல்லாத குறுகிய சாலை. 2025 பிப்ரவரியில் அத்தகைய சாலைகளின் வேக வரம்பை 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். நல்லதுதான். வேலியோரம் முட்செடியில் ஒண்டி நின்றுபார்த்தால் 60-உம் வேகம்தான்.

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறோம்.

வேலியைத் தாண்டாதீர்கள். உங்கள் துணிச்சலை யாரும் மெச்சப்போவதில்லை. ஒருவர் விழுந்தால் போதும், மூடியது சரிதான் என்று சொல்ல அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பாதை நிரந்தரமாகப் போய்விடும். அந்தத் தகப்பனுக்கும் இதைத்தான் சொன்னோம்.

கார் வைத்திருப்பவர்களே, க்ளெண்டலாக் ஏரிக்குப் போக ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாலையோரமெல்லாம் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, கூட்டம் தாங்கவில்லை என்று புலம்புகிறீர்களே, இந்தப் பாதை திறந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி ரயிலேறிக் கடலோரம் போயிருக்கும் என்று யோசித்ததுண்டா? உங்களுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக இது உங்கள் பிரச்சினை இல்லை என்று ஒதுங்காதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நாம் வெளிநாட்டுக்காரர், நம் பேச்சை யார் கேட்பார் என்று நம்மவர்கள் சொல்வதை ஒவ்வொரு நடையிலும் கேட்கிறோம். அது பொய். அயர்லாந்தில் வசிக்கும் 18 வயது நிறைந்த எவரும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். விக்லோவின் 32 கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் பிரேயிலும் கிரேஸ்டோன்ஸிலும் வாடகைக்கு இருக்கும் நீங்களும் உண்டு. 2024 ஜூனில் தேர்தல் நடந்தபோது உங்களில் எத்தனை பேர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தீர்கள்? எங்கள் குழுவிலேயே பலர் சேர்க்கவில்லை. பட்டியலில் இல்லாதவர்களின் கடிதத்துக்குப் பதில் மெதுவாகத்தான் வரும்.

ஆகவே இந்த வாரமே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். விக்லோவில் இருப்பவர்கள் தங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டப்ளினில் இருப்பவர்கள் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் இந்தப் பாதைமேல் நம்மைவிடப் பழைய பாசம் உண்டு. கடிதத்தில் மூன்று கேள்விகள் போதும்: பாதையை நகர்த்தும் திட்டம் தயாரா, அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா, எந்த ஆண்டு திறக்கும்? ஆண்டைச் சொல்லாத பதில் வந்தால் திரும்பவும் எழுதுங்கள்.